ஜெல் தடவி, ரோல் சுற்றி

ஃபேக்டரி மருத்துவ அறையில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த ஆஸ்பத்திரி வேறு, இந்த அறை வேறு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் தனக்கு உடம்பு சரியில்லை என்று ஒப்புக்கொண்டுதான் வருகிறார். கம்பெனி நர்ஸிடம் வருகிறவரோ தனக்கு ஒன்றுமே இல்லை என்று நம்மைச் சொல்லவைத்து, லைனுக்குத் திரும்பிப் போகவே வருகிறார். நடுவில் ஐந்து நிமிடம் கட்டிலில் காலை நீட்டக் கிடைத்தால் அது அவருக்கு லாபம். ‘என்ன பண்ணுது?’ என்று கேட்டு, ‘ஒண்ணுமில்ல சிஸ்டர்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உங்கள் நாள் சுகமாகக் கழியும். அதற்கு நர்ஸ் எதற்கு, ஒரு ஃபேன் போதும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், இருசக்கர வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போவார். மற்ற நாட்களில் அந்த அறையில் நான், ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு போன். வெட்டுக்காயம் வரும், கண்ணில் தூசு விழுந்து வருவார்கள், காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுவார்கள். ஆனால் ஒரு நாள் விடாமல் வந்தது மூட்டு வலியும் தசைப் பிடிப்பும்தான். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஜெல்.

ஜெல்லுக்கு நான் எதிரி இல்லை. ஐயப்பன்தாங்கலில் எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோகிற நாட்களில் நானும் முழங்காலில் தடவிக்கொள்கிறேன். வலிக்கிற இடத்தில் அளவாகத் தடவினால் வலி மாத்திரையைவிட அது எவ்வளவோ தேவலை, ரத்தத்தில் கொஞ்சம்தான் சேரும். சிக்கல் என்னவென்றால் நம் ஜனங்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விழுங்கினால் மருந்து, தேய்த்தால் தைலம். மெடிக்கலில் சீட்டு கேட்காமல் கொடுக்கிறார்கள், விளம்பரத்தில் தடவியவர் உடனே எழுந்து ஓடுகிறார், அப்புறம் என்ன பயம்? எங்கள் கம்பெனியில் ஒரு ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்கும் டார்ச்சுக்கும் நடுவில் ஒரு ஜெல் டியூபை நிற்கவைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே பொரி வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

அந்த ஜெல்தான் அஞ்சலையை என் கட்டிலில் கொண்டுவந்து போட்டது.

அஞ்சலை பெயின்ட் அடித்து வரும் பாகங்களைச் சோதிக்கும் லைனில் இருந்தாள். பட்டாபிராம் பக்கத்துப் பெண், நாற்பதைத் தாண்டியவள். மேலே கொக்கியில் வரிசையாக நகர்ந்து வரும் பாகத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கடுகளவு புள்ளி இருந்தாலும் தனியே தள்ளிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பியது கஸ்டமர் கண்ணில் படாது என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். இத்தனை இருந்தும் வருடக்கணக்காகக் கான்ட்ராக்ட்தான். அந்த மாதம் கான்ட்ராக்டில் இருப்பவர்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. லீவு போடாதவர்களுக்கு முன்னுரிமை என்று சூப்பர்வைசர் வாயாலேயே சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆகிவிட்டால் ‘நாளைலேர்ந்து வர வேணாம்’ என்று ஒருவர் போகிற போக்கில் அவளிடம் சொல்லிவிட முடியாது. அவள் கணவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரம் அது. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று கஸ்டமர் ஆடிட், எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனை போட வரும் நாள். வாசலில் கோலம், தரையில் புதிய மஞ்சள் கோடு, எல்லோருக்கும் துவைத்த ஓவர்கோட். காலை டீ நேரம் முடிந்ததும் அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். லேசாகத் தலை சுற்றுகிறது, ஒரு குளுக்கோஸ் தண்ணி கொடுத்தால் போய்விடுவேன் என்றாள். அவள் பின்னாலேயே லைன் சூப்பர்வைசர் பாஸ்கரும் வந்து கதவில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று அவருக்கு அஞ்சலை ஒரு நோயாளியாகத் தெரியவில்லை, காலியாகக் கிடக்கும் ஒரு இடமாகத்தான் தெரிந்தாள்.

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். “பிரஷர் மாத்திரை மட்டும்தான் சிஸ்டர். வேற இன்னா துன்றேன்?” என்றாள். முழுக்கையை மடித்துவிட்டு, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி, காற்றை ஏற்றி இறக்கினேன். நூற்றுப் பத்து. பாஸ்கர் எட்டிப் பார்த்து நிம்மதியானார்.

“நார்மல்தானே சிஸ்டர்? ஒரு ஜூஸ் குடுத்து அனுப்பிடுங்க. கஸ்டமர் வண்டி பூந்தமல்லி தாண்டிடுச்சாம்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நூற்றுப் பத்து யாருக்கு நார்மல்? உங்களுக்கு நார்மல், எனக்கு நார்மல். அஞ்சலைக்கு நான் மாதாமாதம் பிரஷர் பார்க்கிறவள். மாத்திரை போட்டும் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காமல் என்னிடம் திட்டு வாங்குகிறவள் அவள். அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று நூற்றுப் பத்து வந்தால் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? நாடி படபடவென்று ஓடியது. உள்ளங்கை ஜில்லென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது. புத்தகத்தில் இருக்கும் எண்ணை நம்புவதா, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை நம்புவதா என்று ஒரு நாள் உங்களுக்கும் கேள்வி வரும். யோசிக்காமல் ஆளை நம்புங்கள்.

சந்தேகம் தீர இன்னொரு முறை காற்று ஏற்றினேன். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். மடித்துவிட்ட கைக்கு மேலே, தோள் பக்கத்திலிருந்து, பிளாஸ்டிக் கசங்குகிற சரசரப்பு. அவள் கையை அசைத்தாலும் கேட்டது. பாஸ்கரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஓவர்கோட்டைக் கழற்றச் சொன்னேன். அவள் தயங்கினாள். நானே பொத்தானைக் கழற்றினேன்.

இரண்டு தோளிலும் அக்குளுக்குச் சற்றுக் கீழே வரை இறுக்கமாக ஸ்ட்ரெச் ரோல் சுற்றியிருந்தது. அடுக்கிய பெட்டிகள் சரியாமல் இருக்கப் பேக்கிங்கில் சுற்றுவார்களே, கண்ணாடி போல மெல்லிய பிளாஸ்டிக், அதுதான். இரண்டு முழங்காலிலும் அதே கட்டு. கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தபோது அறை முழுக்க ஜெல் வாடை அடித்தது. உள்ளே தோல் ஊறி வெளுத்திருந்தது. கட்டின் ஓரம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. அங்கங்கே சின்னக் கொப்புளம்.

என்ன இது என்றேன்.

“எல்லாரும் சுத்திக்கினுதான் கீறோம் சிஸ்டர். ஜெல்லு பார்ட்ல பட்டா கறையாவுதுன்னு சார் சத்தம் போட்டாரு. தோளு வலியோட கொக்கிக்கு எப்டி கையத் தூக்குறது? அதான் தடவிகினு மேல ரோலு சுத்திகினோம். பார்ட்டும் நல்லா கீது, வலியும் அடங்குது.”

முழு விவரமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஜெல் பட்ட கையால் தொட்ட பாகங்களில் பிசுக்குப் பதிந்து, ஒரு பெட்டி முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது. தடவியவர்கள் யாரும் பாகத்தைத் தொடக்கூடாது என்று பாஸ்கர் உத்தரவு போட்டுவிட்டார். தப்பான உத்தரவு இல்லை. ஆனால் வலி அந்த உத்தரவைக் கேட்டு வீட்டுக்குப் போகவில்லையே. பேக்கிங்கில் ஒருத்தி ரோலைச் சுற்றிப் பார்த்தாள். கறை நின்றது, சூடாக இதமாகவும் இருந்தது, ஜெல் சீக்கிரம் காயவும் இல்லை. ஒரே வாரத்தில் லைன் முழுக்கப் பரவிவிட்டது. அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் ஒருவர் செய்ததும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் ஜெல்லின் மேல் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் சுற்றினால் தோல் மருந்தை அளவுக்கு மேல் உள்ளே இழுக்கும், தோலும் வெந்துபோகும். டியூபோடு வரும் காகிதத்தில் கட்டுப் போடாதே என்று எழுதித்தான் இருக்கிறது. அதைப் பிரித்துப் படிப்பவர் யார்?

இதோடு முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோல் தடிப்பு மட்டும் ஒருத்தியை இப்படி வெளுக்கவைக்காது. வலிக்கு வேறு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். மாத்திரை என்ற சொல்லை இந்த முறை நான் வாயில் எடுக்கவில்லை. அவள் கூடவே கொண்டுவந்திருந்த சாப்பாட்டுப் பையைக் காட்டினாள். உள்ளே ஜெல் டியூபோடு ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி. ஷிஃப்டுக்கு முன்னால் ஒன்று, இடைவேளையில் ஒன்று, பெரும்பாலும் வெறும் டீயோடு. மாத்திரை சாப்பிடவில்லை என்றாயே என்றதற்கு, அது வலிக்குப் போடுவதுதானே, வியாதிக்கு இல்லையே என்றாள். அட்டையையும் டியூபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மருந்து, டைக்ளோஃபினாக். தோல் வழியாகவும் வாய் வழியாகவும் ஒன்றையே இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசியாக, வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குக் கூச்சப்படுகிற நர்ஸ் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். “ரெண்டு நாளா தாரு மாதிரி கறுப்பா போவுது. டீ ஜாஸ்தி குடிக்கிறோம், அதான்னு நெனச்சேன்” என்றாள். வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவளைக் கட்டிலில் படுக்கவைத்துக் காலை உயர்த்திவைத்தேன். வாயில் ஒன்றும் கொடுக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். பேசி முடிப்பதற்குள் அவரும் அதையேதான் சொன்னார், உடனே அனுப்புங்கள் என்று.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நிர்வாக அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. கஸ்டமர் உள்ளே நுழைகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் வெளியே போனால் எப்படி இருக்கும், ஒரு மணி நேரம் பொறுத்து காரில் அனுப்பலாமே என்றார்கள். பாஸ்கரும் உள்ளே வந்து, ஒருத்தரை அனுப்பினால் நாளைக்கு லைனே கட்டிலில் படுத்துவிடும் என்றார். இப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் கத்தக்கூடாது. கத்தினால் பேச்சு உங்கள் கத்தலைப் பற்றியதாகிவிடும். நான் போனைத் துண்டிக்காமல் மேஜையில் கிடத்திவிட்டு, இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னேன்.

“சார், இவங்களுக்கு நூத்திப் பத்து நார்மல் இல்ல. உள்ள ரத்தம் போயிட்டிருக்கு. சைரன் வேணாம்னா கேட் தாண்டுற வரைக்கும் போடாம போகச் சொல்றேன். ஆனா இப்பவே போகணும்.”

அவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். அஞ்சலைதான் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இன்னிக்கு ஆம்புலன்ஸ்ல போனா என் பேரு பூடும் சிஸ்டர். இத்தினி வர்சம் இதுக்குத்தான ஒழைச்சிகினு கீறேன்.”

பேர் போகாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. பேரைப் பற்றி நானே போய்ப் பேசுகிறேன், நீ முதலில் திரும்பி வா என்றேன். வண்டி சைரன் போடாமல் கேட்டைத் தாண்டியது. கஸ்டமர் கார் உள்ளே வர வழிவிட்டு ஓரமாக ஒரு நிமிடம் நின்றுதான் போனது.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. மருந்து கொடுத்து நிறுத்தினார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். அன்று மாலை ஷிஃப்ட் முடியும்வரை நின்றிருந்தால் லைனிலேயே விழுந்திருப்பாள் என்று அங்கிருந்த டாக்டர் அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் நான் லைனுக்குப் போனேன். அஞ்சலைக்கு நடந்ததைச் சொல்லி, சுற்றியிருக்கிற ரோலை எல்லோரும் இப்போதே கழற்ற வேண்டும் என்றேன். எல்லோரும் தரையில் புதிதாக அடித்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சுற்றவில்லையாம். பாஸ்கர் பக்கத்தில் நிற்கும்போது யார் ஒப்புக்கொள்வார்கள்? எனக்குக் கோபம் வந்தது. நேற்று இதே முகங்கள்தான் அஞ்சலைக்கு ரோல் கிழித்துக் கொடுத்திருக்கும். அப்போது பாஸ்கர் ஒரு காலி பெட்டியை இழுத்து, அதன் மேல் காலைத் தூக்கி வைத்தார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். உள்ளே பளபளவென்று ரோல்.

“எனக்கும் முட்டி வலி. ரூல் போட்டவனே சுத்திகினுதான் நிக்கிறேன். யாரும் பயப்படாதீங்க, கழட்டுங்க” என்றார்.

அதற்குப் பிறகு அந்த இடம் முழுக்கச் சரசரப்புதான். பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் போய் வந்தார்கள். குப்பைத் தொட்டி நிறைந்துவிட்டது. பாஸ்கர் மேல் அதுவரை எனக்கு இருந்த எரிச்சல் அந்தக் காலைப் பார்த்ததும் போய்விட்டது. அந்த இடத்தில் நான் ஆயிரம் சொல்லியும் நடக்காததை அவருடைய ஒரு முழங்கால் நடத்திக் காட்டியது.

அவர்களுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். ஜெல்லை வேலைக்கு முன்னால் தடவி வலியை மூடிக்கொண்டு பாரம் தூக்காதீர்கள், வேலை முடிந்து வீட்டில் தடவுங்கள். டியூபில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம், உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளவும் வேண்டாம். சிராய்ப்பு, புண், தடிப்பு இருக்கிற தோலில் வேண்டாம். மேலே பிளாஸ்டிக்கோ இறுக்கமான கட்டோ கூடாது, வெந்நீர் ஒத்தடப் பையும் கூடாது. தடவிய கையைக் கழுவுங்கள். எங்கள் மெஷின் ஷாப்பில் ஒருவர் கழுவாத கையால் கண்ணைக் கசக்கிவிட்டு, யாரோ செத்துப்போன வீட்டுக்காரர் போல என் அறையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். வலி மாத்திரையையும் ஜெல்லையும் டாக்டரைக் கேட்காமல் சேர்த்துப் போடக்கூடாது. பிரஷர், சிறுநீரகக் கோளாறு, அல்சர், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், இவர்களெல்லாம் டியூபைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் ஜெல்லை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் கேட்கிற கேள்வியையும் மாற்றுங்கள். ‘மாத்திரை சாப்பிடறீங்களா’ என்பதோடு நிறுத்தினால் அஞ்சலை எனக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும். வலிக்கு என்ன செய்கிறீர்கள், என்ன தடவுகிறீர்கள், எங்கெல்லாம், அதன் மேல் என்ன கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். அதையும் கேட்டுவிட்டு, வலி எதனால் வந்தது என்று லைனுக்கே போய்ப் பாருங்கள். நான் போய் நின்று பார்த்தேன். கொக்கிகள் உயரமான ஆம்பளைகளுக்கு ஏற்ற மாதிரி மாட்டியிருந்தன. அங்கே வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் ஒவ்வொரு பாகத்துக்கும் எம்பித்தான் கழற்றினார்கள். நாள் முழுக்க எம்பினால் தோளும் முட்டியும் வலிக்காமல் என்ன செய்யும்? பாஸ்கர் பேக்கிங்கில் உடைந்து கிடந்த மரத் தட்டுகளை எடுத்து, ஆணி அடித்து, ரப்பர் விரித்து, நிற்பதற்கு ஒரு மேடை போட்டுக்கொடுத்தார். அடுத்த சில வாரங்களில் ஜெல் கேட்டு வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

அஞ்சலை பேரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன் அல்லவா, பேசினேன். பாஸ்கரும் கூட வந்து பேசினார். இருந்தும் அந்த முறை வெளிவந்த பேர்களில் அவள் பேர் இல்லை. லீவு லீவுதான் என்றார்கள். திரும்பி வந்த அன்று அவள் என் அறை வாசலில் நின்று, உன்னால்தான் போச்சு என்று சொல்லவில்லை. திரும்பி லைனுக்குப் போய்விட்டாள். எனக்கு அது வலித்தது. அதற்காக, அன்று செய்ததில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அடுத்த முறை பேர் எடுத்தபோதும் நாங்கள் இருவரும் போய் நின்றோம். மேடை போட்ட பிறகு அந்த லைனில் கழித்துத் தள்ளும் பாகங்கள் குறைந்த கணக்கைப் பாஸ்கர் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை அவள் பேர் வந்தது.

பர்மனென்ட் ஆகிறவர்களுக்கு உடல் தகுதி பார்த்து அனுப்புவது என் வேலை. அஞ்சலை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மடித்துவிட்டு, பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றினேன். என்னை அறியாமல் தலை அவள் தோள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

“இன்னா சிஸ்டர், காது குடுத்து கேக்குற? உள்ள ஒண்ணும் இல்ல” என்று அவள் சிரித்தாள்.

காற்று இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிரஷரை ஏற்றிவிடும் அந்த வலி மாத்திரையை நிறுத்தியதிலிருந்து, அதே பிரஷர் மாத்திரைக்கே அவள் பிரஷர் அடங்க ஆரம்பித்திருந்தது. முள் நூற்று முப்பதில் வந்து நின்றது. அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன், கீழ் இமையை விலக்கிச் சிவப்பைப் பார்த்தேன். உள்ளங்கை கதகதவென்று இருந்தது.

நார்மல் என்று அவளிடம் சொன்னேன். இந்த முறை அதை நானும் நம்பினேன்.